ஃப்ரிட்ஜிலும் வைக்காதீர்கள், ஃபார்மட்டும் பண்ணாதீர்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டு முடித்து, உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு வீடியோ வந்தது. கடக் கடக் என்று சத்தம் போடும் ஹார்ட் டிஸ்க்கை பாலிதீன் பையில் சுற்றி ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்தால் மறுநாள் உயிர் வந்துவிடுமாம். இருபத்தேழு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருக்கிறீர்கள். அதில் நான்கு பேர் என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் படித்தவர்கள். இரண்டு நாளில் அதே வீடியோ எங்கள் குடும்பக் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. அங்கே என் அக்கா மகன், "எதுக்கு மாமா இந்த வம்பெல்லாம், கடையில குடுத்தா அரை மணி நேரத்துல ஃபார்மட் பண்ணிக் குடுத்துடுவான்" என்று எழுதினான். அதற்கும் நான்கைந்து இதயங்கள்.

முதல் யோசனை அசட்டுத்தனம். இரண்டாவது அதைவிட ஆபத்து, ஏனென்றால் அது பார்ப்பதற்குப் புத்திசாலித்தனம் போல இருக்கிறது. நம் ஊரில் ஹார்ட் டிஸ்க் செத்து அதனால் போகும் தகவலைவிட, அது சாகக் கிடக்கும்போது நாம் பார்க்கும் வைத்தியத்தால் போகும் தகவல்தான் அதிகம் என்பது என் கட்சி. ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்த டிஸ்க்குகளை வைத்துச் சொல்கிறேன். மறுப்பு இருப்பவர்கள் முழுதும் படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். உள்ளே கண்ணாடியிலோ அலுமினியத்திலோ செய்த வட்டத் தட்டு. அதன் மேல் காந்தப் பூச்சு. மேஜைக் கணினியின் டிஸ்க்கில் இந்தத் தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. விட்டம் சுமார் ஒன்பதரை சென்டிமீட்டர். அதன் விளிம்பின் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டும். இந்த வேகத்தில் ஓடும் தட்டுக்கு மேலே படிக்கும் தலை ஒன்று காற்றில் மிதக்கிறது. எவ்வளவு உயரத்தில்? சில நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 75,000 நானோமீட்டர். நாம் கண்ணால் காண முடியாத தூசுகூட அந்தத் தலைக்குப் பாறாங்கல். அதனால்தான் டிஸ்க்கின் மூடியைத் திருகாணி கழற்றித் திறந்து, வாயால் ஊதி மூடுகிற பையன்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கிறது.

கடக் கடக் சத்தம் எதனால்? தட்டில் "இது இத்தனையாவது தடம்" என்று சொல்லும் வழிகாட்டிக் குறிகள் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டிருக்கும். தலை அவற்றைத் தேடுகிறது. கிடைக்காதபோது ஓரத்துக்குத் திரும்பி வந்து மறுபடி தேடப் போகிறது. போகும், திரும்பும், போகும், திரும்பும். அந்தச் சத்தம்தான் அது. பெரும்பாலும் தலை பழுதாகிவிட்டது என்று பொருள். பழுதான தலை தட்டை உரசினால் பூச்சு பொடியாக உதிரும். அந்தப் பொடியில் உங்கள் கல்யாண வீடியோவும் இருக்கும். ஆக, அந்தச் சத்தம் கேட்ட பிறகு "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் உள்ளே உழவு நடக்கலாம்.

இப்போது ஃப்ரீசருக்கு வருவோம். இந்த வைத்தியத்துக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. பழைய டிஸ்க்குகளில் கரண்ட் நின்றதும் தலை தட்டின் மேலேயே வந்து உட்காரும். சில நேரம் ஒட்டிக்கொண்டுவிடும். குளிரில் உலோகம் சுருங்கும்போது ஒட்டல் விட்டு, சில நிமிடம் ஓடியதுண்டு. இப்போதைய டிஸ்க்குகளில் பெரும்பாலும் தலை தட்டை விட்டு வெளியே வந்து தனிச் சரிவு ஒன்றில் ஏறி நிற்கிறது. நோயே மாறிவிட்டது, நாம் பழைய கஷாயத்தையே காய்ச்சிக்கொண்டிருக்கிறோம்.

அதுவும் எந்த ஊரில்? தேவனாம்பட்டினத்தில்! வெயில் காலத்தில் நம் தெருவில் 32 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் சாதாரணம். அந்தக் காற்றின் பனிநிலை 28 டிகிரி. அதாவது 28 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளின் மேலும் காற்றில் உள்ள நீராவி தண்ணீராகப் படியும். சில்வர் பீச்சில் சோடா வாங்கிக் கையில் பிடித்தால் பாட்டில் வியர்க்கிறதே, அதேதான். ஃப்ரீசரின் மைனஸ் 18-லிருந்து டிஸ்க்கை வெளியே எடுத்தால் அது வியர்க்காமல் என்ன செய்யும்? "பாலிதீன் பையில்தானே சார் சுற்றுகிறோம்" என்று கேட்காதே தம்பி. ஒயரை மாட்டப் பையைத் திறந்துதான் ஆக வேண்டும். சாதாரண டிஸ்க் எதுவும் காற்றுப் புகாத பெட்டி இல்லை. மேலே சின்னத் துளை ஒன்று இருக்கும், "இந்தத் துளையை மூடாதே" என்று பக்கத்திலேயே அச்சடித்திருப்பார்கள். அதிலுள்ள வடிகட்டி தூசைத் தடுக்கும், நீராவியைத் தடுக்காது. தண்ணீர்த் திவலை மேல் மணிக்கு 120 கிலோமீட்டரில் போய் மோதும் தலையின் கதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இதைப் பதினொன்றாம் வகுப்பு வெப்பவியலில் நான் நடத்தியிருக்கிறேன், கட்டைவிரல் தூக்கிய நால்வரும் அன்று வகுப்பில் இருந்தார்கள்.

ஃப்ரீசரோடு இது முடிந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். என்னை உட்கார்ந்து எழுத வைத்தது இரண்டாவது யோசனை.

நம்ம ஊர்ப் பையன் ஒருவன். பெயர் வேண்டாம், அவனுக்குத் தெரிந்து, அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். 2004 டிசம்பர் 26 அன்று அவனுக்கு ஒன்பது வயது. அன்றைய காலையில் அப்பாவும் போனார், வீடும் போனது. வீட்டோடு அப்பாவின் போட்டோ இருந்த ஆல்பமும் போனது. அம்மாவிடம் எஞ்சியது ரேஷன் கார்டு அலுவலகத்தில் யாரோ தேடிக் கொடுத்த ஒரு மங்கிய நகல்தான். பையன் வளர்ந்து வேலைக்குப் போனதும் ஒரு காரியம் செய்தான். தாழங்குடா, சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு என்று சொந்தக்காரர் வீடு வீடாகப் போய்ப் பழைய கல்யாண ஆல்பங்களைப் புரட்டினான். யாரோ ஒரு மாப்பிள்ளைக்குப் பின்னால், பந்தியில் ஓரமாக, படகுக்குப் பூஜை போடும் கூட்டத்தில் என்று அப்பா தென்பட்ட இடத்தையெல்லாம் ஸ்கேன் பண்ணினான். மொத்தம் பதினொரு படம். ஒரு வீட்டில் வீடியோ கேசட் கிடைத்தது. அதைக் கொண்டுபோய் மாற்றி வாங்கினான். அதில் நாற்பது விநாடி அப்பா பேசுகிறார். "கேமராவை அந்தப் பக்கம் திருப்புடா" என்று சொல்கிறார், அவ்வளவுதான். அந்தக் குரலை இருபது வருடத்துக்குப் பிறகு அந்த அம்மா கேட்டார்கள். கேசட்டும் சில ஆல்பங்களும் 2015 வெள்ளத்தில் ஊறிப் போய்விட்டன என்பது பின்னால் நாங்கள் தேடப் போனபோது தெரிந்தது.

தேதிக் கணக்கு பார்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அவன் கேசட்டை மாற்றி வாங்கியது வெள்ளத்துக்கு முன்னால், அம்மாவைக் கணினி முன் உட்கார வைத்துப் போட்டுக் காட்டியது போன வருடம். அதுவரை அவர்கள் கேட்க மனம் ஒப்பவில்லை. அதையெல்லாம் நாம் விசாரிக்கக் கூடாது.

இதெல்லாம் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருந்தது. சில மாதத்துக்கு முன் அது மெதுவாகத் திறந்தது, சில ஃபோல்டர் திறக்கவில்லை, ஒரு நாள் கணினியே அதைக் கண்டுகொள்ளவில்லை. கடையில் கொடுத்தான். மறுநாள் அறுநூறு ரூபாய் பில்லோடு டிஸ்க் வந்தது. "இப்ப சூப்பரா ஓடுது" என்றார்கள். செக்டிஸ்க் ஓட்டி, ஃபார்மட் பண்ணி, ஒழுங்காக எழுதுகிறதா என்று சோதிக்க நாலு சினிமாவை உள்ளே காப்பி பண்ணியும் பார்த்திருக்கிறார்கள். அந்த நாலு சினிமாவும் உள்ளேயே இருந்தன, இலவச இணைப்பு மாதிரி.

அதற்குப் பிறகுதான் டிஸ்க் என்னிடம் வந்தது. பதினொரு படத்தில் நான்கை மீட்டோம். நாற்பது விநாடியை மீட்க முடியவில்லை. அது இருந்த இடத்தில் யாரோ ஒரு கதாநாயகன் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

அந்தக் கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் என்னிடம் படித்தவர் இல்லை, ஆனாலும் மரியாதையாகத்தான் பேசினார். "சார், கஸ்டமர் டிஸ்க் ஓடலைன்னு கொண்டு வந்தார். ஓட வச்சுக் குடுத்தோம். இதுல எங்க தப்பு என்ன?" என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. கிணற்றில் விழுந்த குழந்தையைத் தூக்கக் கூப்பிட்டால், குழந்தை இருக்கிறதா என்றே கேட்காமல் கிணற்றைத் தூர்வாரிக் கொடுத்துவிட்டு, "தண்ணி நல்லா ஊறுது பாருங்க" என்று சொன்னால் அதிலும் பொய்யிருக்காது.

என் கோபம் அந்த ஒரு கடை மேல் இல்லை. அறுநூறு ரூபாய் மேலும் இல்லை. டிஸ்க்குக்கு ஒரு விலை உண்டு, புதிதாக வாங்கிக்கொள்ளலாம். உள்ளே இருப்பதற்கு விலை இல்லை, அது எந்தக் கடையிலும் கிடைக்காது. விலை உள்ளதைக் காப்பாற்ற விலை இல்லாததை அழிப்பதற்கு நாம் 'ரிப்பேர்' என்று பெயர் வைத்திருக்கிறோம். லாரன்ஸ் ரோட்டிலும் திருப்பாதிரிப்புலியூரிலும் சிதம்பரத்திலும் இருக்கும் எல்லாக் கடைக்காரர்களையும், அவர்களிடம் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளையும் நான் கேட்பது ஒன்றுதான். டிஸ்க்கை வாங்கும்போது ரசீதில் ஒரு வரி எழுதுங்கள்: "உள்ளே இருப்பது வேண்டுமா, வேண்டாமா?" வேண்டும் என்றால் அந்த டிஸ்க்கில் ஒரு எழுத்துக்கூட எழுதாதீர்கள். உங்களால் முடியாது என்றால் அப்படியே திருப்பிக் கொடுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

இதற்கு வரும் பதில் எனக்குத் தெரியும். "சார், லேபுக்கு அனுப்பினா ஆயிரக்கணக்குல கேப்பான், நம்ம ஜனங்க எங்க போவாங்க?" உண்மை. தலையை மாற்ற வேண்டிய கேஸ் என்றால் தூசில்லாத அறை வேண்டும், அதே மாடல் டிஸ்க் இன்னொன்று வேண்டும், செலவு அதிகம்தான். ஆனால் நான் லேபுக்கு அனுப்பச் சொல்லவில்லையே. நிறுத்தச் சொல்கிறேன். இன்று பணம் இல்லாதவனுக்கு அடுத்த வருடம் தீபாவளி போனஸ் வரலாம். அணைத்து அலமாரியில் வைத்த டிஸ்க் அதுவரை காத்திருக்கும். ஃபார்மட் பண்ணி சினிமா ஏற்றிய டிஸ்க் யாருக்காகவும் காத்திருக்காது.

செக்டிஸ்க் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விண்டோஸ் தானாகவே "சரி செய்யட்டுமா?" என்று கேட்கும், நம் ஆட்களும் நல்லதுதானே என்று 'எஸ்' கொடுத்துவிடுவார்கள். செக்டிஸ்க் காப்பாற்றுவது உங்கள் கோப்பை இல்லை, கணக்கை. வருகைப் பதிவேட்டில் ஒரு பக்கம் கிழிந்துவிட்டது, வகுப்பில் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், பதிவேட்டில் முப்பத்தாறு பெயர்தான் இருக்கிறது. ஒரு தலைமையாசிரியர் பதிவேடு சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக நாலு பிள்ளைகளை வெளியே அனுப்பினால் எப்படி இருக்கும்? அதுதான் செக்டிஸ்க். நல்ல டிஸ்க்கில், கரண்ட் கட்டாகிக் கணக்கு கொஞ்சம் குழம்பியிருந்தால் அது உதவும். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் மூலைமுடுக்கெல்லாம் படிக்க வைத்து, கண்டபடி எழுதி, மிச்ச உயிரையும் வாங்கிவிடும்.

'நிறுத்து' என்ற ஒரு சொல்லுக்கு எவ்வளவு சக்தி என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது வானத்தில் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். உங்களில் பலருக்கு நினைவிருக்கும், பிரார்த்தனைக் கூட்டத்தில் மௌனம் அனுசரித்தோம். அந்த விண்கலத்தில் செனான் வாயுவின் பாகுநிலையைப் பற்றி ஓர் இயற்பியல் சோதனை நடந்தது. அதன் முடிவுகள் 340 மெகாபைட் டிஸ்க் ஒன்றில் இருந்தன. டெக்சாஸில் வறண்ட ஏரிப் படுகையில் அந்த டிஸ்க் பல மாதம் கழித்துக் கிடைத்தது. வெளிப்பக்கம் உருகிக் கருகிய கட்டி. ஒரு மீட்பு நிறுவனத்தார் உள்ளே இருந்த தட்டுகளை எடுத்துத் துடைத்து வேறு உடம்பில் பொருத்திப் படித்தார்கள். தொண்ணூற்றொன்பது சதவீதம் கிடைத்தது. 2008-ல் அந்த ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாகிவிட்டது. இத்தனைக்கும் அதே விண்கலத்தின் வேறு இரண்டு டிஸ்க்குகளிலிருந்து ஒன்றுமே எடுக்க முடியவில்லை. எனவே இது அற்புதக் கதை இல்லை. தட்டு தப்பியிருந்தது, கிடைத்த பிறகு அதை யாரும் சும்மா மாட்டி ஓட்டிப் பார்க்கவில்லை. வானத்திலிருந்து விழுந்த டிஸ்க் பிழைத்தது. மேஜையில் இருந்த நம் பையனின் டிஸ்க் பிழைக்கவில்லை.

சரி, பிறகு என்னதான் செய்வது?

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், வேறு யூஎஸ்பி துளையில், வேறு கணினியில் மாட்டிப் பாருங்கள். இதைச் சத்தம் சாதாரணமாக இருந்தால் மட்டும், ஒரு முறை. நம் உப்புக்காற்றில் கேபிள் முனைகள் பச்சை பூத்துப் போவது சகஜம், பல 'செத்த' டிஸ்க்குகள் எண்பது ரூபாய் கேபிளில் எழுந்திருக்கின்றன. கடக் சத்தமோ, கிரீச்சென்ற உரசலோ, மோட்டார் சுற்ற முடியாமல் முனகும் பீப் சத்தமோ கேட்டால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். அது வீட்டில் தீரும் வியாதி இல்லை. எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். சிலவற்றில் தகவலைப் பூட்டும் சாவியே கூட்டில் உள்ள சின்னப் பலகையில் இருக்கும். அடியில் உள்ள பச்சைப் பலகையை வேறு டிஸ்க்கிலிருந்து கழற்றி மாட்டுவதும் இப்போது பலிக்காது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அதன் ஜாதகம் அந்தப் பலகையின் ஒரு சில்லில் தனியாக எழுதப்பட்டிருக்கிறது, அதையும் மாற்றிப் பற்றவைத்தால்தான் ஓடும்.

சத்தம் சாதாரணம், ஆனால் மெதுவாக இருக்கிறது, சில கோப்புகள் திறக்கவில்லை என்றால் அது நம் கையில் உள்ள கேஸ். அப்போதும் ஃபோல்டரைத் திறந்து இழுத்து இழுத்துக் காப்பி பண்ணாதீர்கள். கெட்டுப்போன ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு டிஸ்க் அதையே நூறு தடவை படிக்க முயன்று அங்கேயே உயிரை விடும். முழு டிஸ்க்கையும் எழுத்துக்கு எழுத்து அதைவிடப் பெரிய புது டிஸ்க்குக்குப் படியெடுக்க வேண்டும். அதற்கு லினக்ஸில் 'டிடிரெஸ்க்யூ' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, இலவசம். அதன் புத்தி எனக்கு ரொம்பப் பிடித்தது. பரீட்சையில் உங்களுக்கு நான் சொல்வேனே, தெரிந்த கேள்விக்கு முதலில் பதில் எழுது, தெரியாததில் முட்டிக்கொண்டு நிற்காதே என்று, அதையேதான் அது செய்கிறது. நன்றாகப் படிக்க முடிகிற இடங்களையெல்லாம் முதலில் எடுத்துக்கொள்ளும். முரண்டு பிடிக்கும் இடத்தைத் தாவிப் போய்விடும். எல்லாம் முடிந்த பிறகு திரும்பி வந்து விட்ட இடங்களை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எங்கே எது முடிந்தது என்று ஒரு குறிப்புக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும், அதனால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம் மின்வாரியத்தை மனதில் வைத்து எழுதியது போல இருக்கும். ஒரே ஒரு ஜாக்கிரதை: எது பழையது, எது புதியது என்று கொடுக்கும்போது மாற்றிக் கொடுத்துவிட்டால் காலி டிஸ்க் நிறைந்த டிஸ்க்கின் மேல் ஏறிவிடும். பக்கத்தில் இன்னொருவரை வைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லிவிட்டு என்டர் தட்டுங்கள்.

படியெடுத்த பிறகு பழையதை உறையில் போட்டு எடுத்து வைத்துவிட வேண்டும். அப்புறம் நடக்கும் எல்லாத் தோண்டலும் படியில்தான். அழிந்த பிரிவுகளைத் தேட 'டெஸ்ட்டிஸ்க்', படங்களையும் வீடியோக்களையும் அவற்றின் உருவ அடையாளத்தை வைத்தே பொறுக்கி எடுக்க 'ஃபோட்டோரெக்', இரண்டும் இலவசம். சிதம்பரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் தங்கை மருமகன், டிஸ்க் இழுக்க ஆரம்பித்த அன்றே ஒயரைப் பிடுங்கிவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டார். ஒரு டெராபைட். டேபிள் ஃபேனை அதன் மேல் திருப்பி வைத்து நான்கு நாள் ஓட்டினோம். முப்பத்தெட்டு மெகாபைட் தவிர எல்லாம் வந்துவிட்டது. பதினாறு கல்யாணம் அதில் இருந்தது, பதினாறும் தப்பின. அவருக்குக் கணினி பற்றி அதிகம் தெரியாது. நிறுத்தத் தெரிந்தது.

எஸ்எஸ்டி வாங்கிவிட்டேன், எனக்கு இந்தத் தொல்லை இல்லை என்பவர்களுக்கு: அது சத்தம் போடாமல் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். அதில் அழித்ததை மீட்பது இன்னும் கடினம், காலியான இடத்தை அதுவே உடனே துடைத்து வைத்துக்கொள்ளும்.

"ஹெல்த் குட் காட்டுது சார்" என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் அடிக்கடி வருகிறது. டிஸ்க்குக்குள்ளேயே ஸ்மார்ட் என்ற பதிவேடு இருக்கிறது, எத்தனை இடம் கெட்டது, எத்தனை மாற்றி வைக்கப்பட்டது என்று. பாருங்கள், நல்லதுதான். ஆனால் 2007-ல் கூகுள்காரர்கள் தங்களிடம் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். செத்த டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எந்த முன் அறிகுறியும் காட்டாமலே செத்திருந்தன. அதே ஆராய்ச்சியில் இன்னொன்று: சோதனையில் முதல் பிழை காட்டிய டிஸ்க், காட்டாததைவிட அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு 39 மடங்கு. ஆகவே அந்தப் பதிவேடு 'மோசம்' என்றால் அப்படியே நம்புங்கள். 'நல்லது' என்றால் பாதிதான் நம்புங்கள்.

கடைசியாக ஒன்று, இதில்தான் சொந்தங்களோடு எனக்குச் சண்டை. "ஒரு காப்பி இருக்கே போதாதா?" நாம் சிதம்பரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள், நாம் இதைக் கேட்கவே கூடாது. மூவர் பாடிய தேவார ஏடுகள் எங்கே கிடைத்தன? தில்லைக் கோயிலில் ஓர் அறையில், பூட்டு போட்டு, பத்திரமாக. ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் போய்த் திறந்தபோது புற்று மூடிக் கிடந்தது, எண்ணெய் ஊற்றிக் கரைத்துத்தான் ஏடுகளை எடுத்தார்கள் என்பது திருமுறைகண்ட புராணம் சொல்லும் வரலாறு. மூவர் பாடியது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிகம் என்கிறது அந்தப் புராணம். அந்த எண்ணிக்கையைப் பக்தி என்று தள்ளினாலும், இன்று நம் கையில் இருப்பது எண்ணூறுக்கும் சற்றுக் குறைவு. பத்திரம் வேறு, படி வேறு. பூட்டு திருடனைத் தடுக்கும், கரையானைத் தடுக்காது. பாடிய மூவரும் கைச்சாத்திட்ட அறை, அவர்களே வந்தால்தான் திறப்போம் என்று அன்று சொன்னார்களாம், ராஜா மூவர் சிலைகளையும் கொண்டுபோய் நிறுத்தினாராம். புது லேப்டாப்களில் விண்டோஸ் தானாகவே டிஸ்க்கைப் பூட்டி வைக்கிறதே, அதன் மீட்புச் சாவியை எழுதி வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் நீங்கள் யார் சிலையைக் கொண்டுபோய் நிறுத்துவீர்கள்?

ஓலைக்காலத்துக்காரர்களுக்கு இந்த அறிவு இருந்தது. ஏடு நைந்து போவதற்குள் புதிதாகப் படியெடுக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஒரே நூலின் படிகள் ஊர் ஊராக வெவ்வேறு வீட்டில் கிடந்ததால்தான் உ.வே.சா. அலைந்து திரிந்து, ஒன்றில் கிழிந்ததை இன்னொன்றில் பார்த்து, 1887-ல் சிந்தாமணியையும் 1894-ல் புறநானூற்றையும் அச்சில் கொடுக்க முடிந்தது. ஹாலிவுட்டிலும் இதே கதைதான். 1998-ல் 'டாய் ஸ்டோரி 2' படம் பாதி வேலையில் இருந்தபோது யாரோ தவறான ஒரு கட்டளை தட்டி, படத்தின் பெரும்பகுதி அழிந்தது. அலுவலகத்தின் மாற்றுப் படியும் ஒழுங்காக இல்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த ஓர் அம்மாவின் வீட்டுக் கணினியில் ஒரு படி இருந்தது. அதை போர்வையில் சுற்றிக் காரில் வைத்துக் கொண்டு வந்தார்கள்.

அந்தப் படி தப்பியது அது வேறு வீட்டில் இருந்ததால். இதைத்தான் நம் ஊரார் மனதில் வைக்க வேண்டும். 2004-ல் கடல் வந்தது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல். 2015-ல் வெள்ளம். ஒரே பீரோவில் இரண்டு டிஸ்க் வைத்தால் அது இரண்டு காப்பி இல்லை, ஒரு காப்பியின் இரண்டு துண்டு. ஒன்றை விருத்தாசலத்திலோ நெய்வேலியிலோ இருக்கும் அண்ணன் வீட்டில் கொடுத்து வையுங்கள், பொங்கலுக்குப் போகும்போது புதுப்பியுங்கள். போனில் இருப்பது கூகுளில் தானாக ஏறுகிறது என்று தைரியமாக இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: இடம் நிறைந்துவிட்டது என்று போன் ஆப்பில் அழித்தால் அங்கேயும் சேர்ந்து அழியும். கண்ணாடியில் தெரியும் சோறு இரண்டாவது தட்டுச் சோறு ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் நான் திண்ணையில்தான் இருப்பேன். சந்தேகம் உள்ள டிஸ்க்கை, போட்டுப் பார்க்காமல், அப்படியே கொண்டு வாருங்கள். புது டிஸ்க் ஒன்றும் வாங்கி வாருங்கள், அதற்கு மட்டும் செலவு உங்களுடையது. ஏற்கெனவே முழுசாகச் செத்து, உள்ளே இருப்பது வேண்டாம் என்று வீட்டில் எல்லோரையும் கேட்டு முடிவு செய்த டிஸ்க்குகள் இருந்தால் அவற்றையும் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே அருமையான நியோடைமியம் காந்தங்கள் இருக்கும். பள்ளி ஆய்வகத்தில் செப்புக் குழாய்க்குள் காந்தம் மெதுவாக இறங்குவதைக் காட்ட இப்போதிருக்கும் ஆசிரியர் கேட்டிருக்கிறார், அதற்கு இன்னும் நான்கு டிஸ்க் தேவைப்படுகிறது.